சம்பளமே வாங்கலையே, அப்புறம் எதுக்கு வொர்க் விசா? வெளிநாட்டில் தன்னார்வப் பணி செய்ய எந்த நாட்டில் என்ன விதி

ஐந்து வருஷமாக ஒரே ஐடி கம்பெனி. கெஞ்சிக் கூத்தாடி மூன்று மாத விடுப்பு வாங்கிவிட்டீர்கள். தாய்லாந்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், அல்லது நியூசிலாந்தில் ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்று திட்டம். அங்கே இருப்பவர்கள் மின்னஞ்சலில் சொல்கிறார்கள்: "டூரிஸ்ட் விசாவிலேயே வந்துடுங்க, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."

உங்களுக்கும் அது நியாயமாகத்தான் படும். சம்பளம் வாங்கப் போவதில்லை. சொந்தக் காசில் டிக்கெட். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இமிகிரேஷன் அதிகாரி அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே தரையிறங்கிய பிறகு, 'எத்தனை நாள் தங்குவீர்கள், எங்கே தங்குவீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள்' என்ற மூன்று கேள்விகளில் உங்கள் பதில் தடுமாறினால், அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படலாம். அந்த மூன்று மாதம் போனால் போகட்டும். பிறகு நீங்கள் மேற்படிப்புக்கோ, எச்-1பி வேலைக்கோ, ஆஸ்திரேலிய பி.ஆர்-க்கோ விண்ணப்பிக்கும் ஒவ்வொரு படிவத்திலும் 'இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு நுழைவு மறுத்திருக்கிறதா?' என்ற கேள்வி இருக்கும். அதற்கு 'ஆம்' என்று எழுதி, விளக்கமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரைக்காக நான் செய்தது எளிய வேலை. சில நாடுகளின் அரசு இணையதளங்களில் 'வேலை' என்ற சொல்லுக்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்து, ஒரே ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சம்பளம் வாங்குகிறீர்களா என்பது பெரும்பாலான நாடுகளில் கடைசிக் கேள்விதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் வருகின்றன.

முதலாவது, நீங்கள் செய்யப்போகும் பணியை, நீங்கள் வராவிட்டால் உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்திருப்பாரா? இரண்டாவது, பணமாக இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது வடிவத்தில் உங்களுக்குக் கைமாறு கிடைக்கிறதா?

ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பண்ணையிலோ ஹாஸ்டலிலோ தினமும் சில மணி நேரம் உழைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்ற ஏற்பாடு உலகம் முழுக்கப் பிரபலம். இதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. அவை இதைத் தன்னார்வப் பணி என்றுதான் அழைக்கின்றன.

நியூசிலாந்து அப்படி அழைப்பதில்லை. அந்நாட்டுக் குடிநுழைவு விதியில், லாபத்துக்காகவோ கைமாறுக்காகவோ செய்யும் எதுவும் வேலைதான். பணமதிப்பு போடக்கூடிய எல்லாமே கைமாறு. தங்குமிடமும் சாப்பாடும் அதில் சேர்த்தி. அதாவது, கடற்கரையில் ஒரு நாள் குப்பை பொறுக்கிவிட்டு உங்கள் காசில் எடுத்த அறைக்குத் திரும்பினால் பிரச்சினை இல்லை. ஒரு பண்ணையில் களை பிடுங்கி, அதற்குப் பதில் அங்கேயே இலவசமாகத் தூங்கினால் அது வேலை. விசிட்டர் விசாவில் செய்யக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் அதே கட்டிலுக்கு வேறு மதிப்பு. விசிட்டர் விசாவில் போனவர், சுற்றுலாதான் முதன்மை நோக்கமாக இருந்தால், இடையில் தன்னார்வப் பணி செய்யலாம். சாப்பாடு, தங்குமிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே முதல் கேள்வி குறுக்கே நிற்கும். அந்தப் பணி, ஆஸ்திரேலியக் குடிவாசி ஒருவர் கூலிக்குச் செய்திருக்கக்கூடியதாக இருக்கக் கூடாது. பழம் பறிக்கும் சீசனில் 'சும்மா உதவினேன்' என்று சொன்னால் எடுபடாது.

கனடா இன்னும் கொஞ்சம் நெகிழ்வு. ஒரு குடும்பப் பண்ணையில் 1 முதல் 4 வாரம் வரை, பகுதி நேரமாக, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டும் உதவி செய்யும் சுற்றுலாப் பயணியைத் தொழிலாளராகக் கருத வேண்டியதில்லை என்று அந்நாட்டு அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலே சொல்கிறது. பண்ணை வணிக நோக்கில் நடப்பதாக இருந்து, நீங்கள் அதற்கு மேலும் தங்கினால் கதை மாறும்.

ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே கட்டில். மூன்று நாடுகளில் மூன்று பதில். "என் நண்பன் போனான், ஒண்ணும் ஆகலை" என்ற தகவல் அவன் போன நாட்டுக்கு மட்டும்தான் செல்லும். அங்கேயும் அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம்.

பிரிட்டனில் 30 நாள் கணக்கு

விதிகளை ஓரளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும் நாடு பிரிட்டன். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதாரண விசிட்டர் விசாவில் போகிறவர், மொத்தம் 30 நாளுக்கு மிகாமல் தன்னார்வப் பணி செய்யலாம். இரண்டு நிபந்தனைகள். அந்த அமைப்பு அங்குள்ள தொண்டு ஆணையத்தில் பதிவு செய்த அறக்கட்டளையாக இருக்க வேண்டும். உங்கள் பயணத்தின் முக்கிய நோக்கம் தன்னார்வப் பணியாக இருக்கக் கூடாது. லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் போகிறீர்கள், வார இறுதியில் பக்கத்து உணவு வங்கியில் பொட்டலம் கட்டுகிறீர்கள் என்றால் சரி. உணவு வங்கிக்காகவே விமானம் ஏறுகிறீர்கள் என்றால் சரியில்லை.

அதற்கென்றே தனியாக இருப்பது 'சாரிட்டி வொர்க்கர்' விசா. அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் கிடையாது, நியாயமான செலவுத் தொகை மட்டும் வாங்கலாம். அமைப்பில் இருக்கும் நிரந்தரப் பதவி எதையும், தற்காலிகமாகக்கூட, நீங்கள் நிரப்பக் கூடாது. நேரடிக் களப்பணியாக இருக்க வேண்டும். அந்த அமைப்பு பிரிட்டன் உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்று, உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் சான்று எண் ஒன்றைத் தர வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

செலவைப் பார்ப்போம். விண்ணப்பக் கட்டணம் 300 பவுண்டை ஒட்டி. 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால் மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஓராண்டுக்கு 1,035 பவுண்டு, கூடவே இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை. ஸ்பான்சர் உங்கள் பராமரிப்புக்கு உத்தரவாதம் தராவிட்டால், 1,270 பவுண்டு உங்கள் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். 27-வது நாள் ஒரு இ.எம்.ஐ போய் பேலன்ஸ் இறங்கிவிட்டால், கணக்கு மறுபடி முதல் நாளில் இருந்து. விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தக் கணக்கை ஆட்டோ டெபிட்டில் இருந்து விடுவித்து வைப்பது நல்லது.

இனி ஒரு சின்ன டேட்டா வேலை, யாரும் செய்யலாம். உரிமம் பெற்ற ஸ்பான்சர்கள் அனைவரின் பட்டியலையும் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் சிஎஸ்வி கோப்பாக வெளியிடுகிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள். அதை எக்செலில் திறந்து, கடைசிப் பத்தியில் 'சாரிட்டி வொர்க்கர்ஸ்' என்று ஃபில்டர் போடுங்கள். உங்களுக்குக் கடிதம் அனுப்பிய அமைப்பின் பெயர் அதில் இருக்கிறதா? இல்லை என்றால், அந்தக் கடிதத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும் இந்த விசாவுக்கு அது செல்லாது. முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை இது.

ஏற்கெனவே பிரிட்டனில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. வேலை நேரக் கட்டுப்பாடு உள்ள மாணவர் விசா விதியில், ஒப்பந்தக் கடமை எதுவும் இல்லாமல் அறப்பணியில் கைகொடுப்பது வேறு, குறிப்பிட்ட நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுச் செய்யும் சம்பளமில்லாப் பணி வேறு. பெரும்பாலான பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கல்வி நாள்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. இரண்டாவது வகைப் பணி அந்த 20-க்குள் கணக்காகும். பகுதி நேர வேலையில் 18 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டால், மிச்சம் இரண்டு மணி நேரம்தான்.

அமெரிக்கா: பி-1 தேவைப்படுபவர்களும் எச்-4-இல் இருப்பவர்களும்

அமெரிக்காவில் தன்னார்வலர் விசா என்று தனியாக எதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மத அமைப்போ லாப நோக்கமற்ற தொண்டு அமைப்போ நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்தில் கலந்துகொள்பவர் பி-1 பிரிவில் போகலாம். அமெரிக்காவில் இருந்து சம்பளம் வரக் கூடாது. தங்கும் செலவுக்கான படி பரவாயில்லை. பொருள் விற்பதும் நன்கொடை வசூலிப்பதும் கூடாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, நிரந்தர முகவரி, அமெரிக்காவில் முதலில் போகும் இடம், எவ்வளவு காலம் என்ற விவரங்களோடு அமைப்பு தரும் கடிதம் ஒன்று வேண்டும். விசா கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது.

ஆனால் நம் வாசகர்களில் பலருக்கு உண்மையான கேள்வி வேறு. கணவருக்கோ மனைவிக்கோ எச்-1பி, உங்களுக்கு எச்-4, வேலை அனுமதி அட்டை இல்லை. நல்ல படிப்பு, நல்ல அனுபவம், வீட்டில் சும்மா இருக்கிறீர்கள். "எங்க ஸ்டார்ட்அப்புக்கு கொஞ்சம் கோடிங் பண்ணிக்கொடுங்களேன், சம்பளம் வேண்டாம், ரெசுமேல போட்டுக்கலாம்" என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, லாபத்துக்காக நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு யாரும் 'தன்னார்வலராக' உழைக்க முடியாது. அப்படி ஒரு வகையே அங்கே இல்லை. சம்பளம் வாங்காமல் நீங்கள் எழுதிக்கொடுக்கும் கோடு, குடிநுழைவுக் கோணத்தில் அனுமதியில்லாத வேலையாகப் பார்க்கப்படலாம். பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் வந்து நிற்கும். நீங்களே லிங்க்ட்இன்னில் போட்ட பதிவு ஆதாரமாகவும் ஆகும்.

அதே நேரம், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'அ, ஆ' சொல்லிக்கொடுப்பதிலோ, நூலகத்திலும் உணவு வங்கியிலும் உதவுவதிலோ பயப்பட ஒன்றுமில்லை. லாப நோக்கமற்ற அமைப்பு, வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்யும் பணி, கைமாறு இல்லை. மூன்றும் பொருந்தினால் போதும். பயத்தில் இதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே அடைந்துகிடக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: அதே பள்ளியில் கணக்காளருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்து, அவர் விலகிய பிறகு அந்த இடத்தில் உங்களை இலவசமாக உட்கார வைத்தால், அது மறுபடி முதல் கேள்விக்குள் போய்விடும்.

ஜெர்மனி ஏன் தனி ரகம்

கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்த 2011-இல், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அதற்கு மாற்றாகப் பணியாற்றி வந்த இளைஞர்களின் இடத்தை நிரப்ப ஜெர்மனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதுதான் கூட்டாட்சித் தன்னார்வ சேவை, சுருக்கமாக பி.எஃப்.டி. எல்லா வயதினரும் சேரலாம். வழக்கமாக 12 மாதம். 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எஃப்.எஸ்.ஜே என்ற பழைய சமூக சேவை ஆண்டுத் திட்டமும் உண்டு. இரண்டுமே வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கின்றன.

பிரிட்டன் விசாவைப் போல இது 'சம்பளமே இல்லை' ரகம் இல்லை. கைச்செலவுப் பணம் கிடைக்கும், சமூகக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் அமைப்பே கட்டும், சில இடங்களில் தங்குமிடமும் தரும். பதிலுக்கு முழு நேர உழைப்பு. இதற்கு 90 நாள் ஷெங்கன் விசா போதாது. இந்தியாவில் இருக்கும்போதே ஒப்பந்தத்தோடு தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 75 யூரோ. டூரிஸ்ட்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிப்படை ஜெர்மன் மொழி தெரியாமல் எந்த முதியோர் இல்லமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது. பாட்டியிடம் 'வலிக்கிறதா?' என்று கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா.

இந்தத் திட்டத்தை 'ஜெர்மனிக்கு சுலப வழி' என்று விளம்பரம் செய்து பெரிய தொகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமைப்புகளுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. மொழி வகுப்புக்குக் கொடுக்கும் காசு மட்டும்தான் நியாயமான செலவு.

விசாவே வேண்டாத நாடுகளில்?

இங்கேதான் கவனம் அதிகம் தேவை. விசா இல்லாமல் நுழையலாம் என்பதற்கு, நுழைந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா இல்லாமல் வர வழிவிட்டது. சுற்றுலாவுக்கு. பள்ளியில் சொல்லிக்கொடுக்கவோ, யானைக் காப்பகத்தில் பணி செய்யவோ அங்கே 'நான்-இமிகிரன்ட் ஓ' வகை விசா வேண்டும். அதோடு வொர்க் பெர்மிட்டும். ஆம், சம்பளமில்லாத பணிக்கு வொர்க் பெர்மிட். அமைப்புதான் அதை ஏற்பாடு செய்ய வேண்டும். 'அதெல்லாம் தேவையில்லை' என்று சொல்லும் அமைப்பு, அபாயத்தை உங்கள் தலையில் வைக்கிறது.

தான்சானியா தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்புக் குடியிருப்பு அனுமதி என்று தனியாகவே வைத்திருக்கிறது; மாணவர்களும் மதப் பணியாளர்களும்கூட அதே வகுப்புதான்.

நேபாளம் மட்டும் நமக்கு விதிவிலக்கு. 1950-ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி இரு நாட்டுக் குடிமக்களும் ஒருவர் நாட்டில் ஒருவர் தங்கவும் தொழில் செய்யவும் பரஸ்பர உரிமை உண்டு. உங்களுக்கு விசா கேள்வியே எழாது. ஆனால், காசு கொடுத்து ஆசிரமத்துக் குழந்தைகளுடன் இரண்டு வாரம் 'சேவை' செய்யும் திட்டங்கள் அங்கேயும் உண்டு. பார்வையாளர்களின் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள குழந்தைகளை இல்லங்களில் சேர்க்கும் வியாபாரத்தை, ஆஸ்திரேலிய நாடாளுமன்ற விசாரணை ஒன்று நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசியிருக்கிறது. விசா சுலபம் என்பதால் பணியும் சரியானதாகிவிடாது.

இங்கிருந்து கிளம்பும் முன்

நீண்ட காலப் பணி, அதுவும் குழந்தைகள், முதியோர் சம்பந்தப்பட்டது என்றால், காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சில நாடுகள் பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை கேட்கும். இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. முத்திரை தருவது வெளியுறவு அமைச்சகம்.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்படலாம், 6 நாள் வரை.

வேலையில் இருப்பவர்கள், விடுப்புக் கடிதத்தில் திரும்பச் சேரும் தேதி இருக்கும்படி எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். 'இவர் திரும்பி வருவார்' என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

படிவத்தில் என்ன எழுதுவது?

உண்மையை. அறிவுரையாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டாலும் அதுதான் லாபம். தவறான விசாவுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், பெரும்பாலும் சரியான விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய் சொல்லிப் பிடிபட்டால் வேறு விஷயம். பிரிட்டனில் விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் 10 ஆண்டுத் தடை வரலாம். ஆஸ்திரேலியாவில் தவறான தகவலுக்கு 3 ஆண்டு. அமெரிக்காவில் விமான நிலையத்திலேயே விரைவு வெளியேற்ற உத்தரவு போட்டால் 5 ஆண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால் வாழ்நாள் தடை, விலக்கு கேட்டுப் போராடினால் ஒழிய. இந்த நாடுகள் தங்களுக்குள் குடிநுழைவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

'டூரிஸ்ட்னு சொல்லிடுங்க' என்று அமைப்பு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அந்த மின்னஞ்சல் உங்கள் போனில் இருக்கும். விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்க்கும் அதிகாரம் பல நாடுகளின் அதிகாரிகளுக்கு உண்டு.

ஆகவே பணம் கட்டும் முன், டிக்கெட் போடும் முன், அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த விசா வகை, அதன் சரியான பெயர் என்ன? உங்கள் பதிவு எண் அல்லது ஸ்பான்சர் உரிமம் எது? இந்தப் பணியை இதற்கு முன் செய்தவர் சம்பளம் வாங்கினாரா? தங்குமிடம் இலவசமா, நான் காசு கொடுக்கலாமா? விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா? பதில் வந்ததும் அந்த விசா பெயரை அந்நாட்டு அரசு இணையதளத்தில் தேடி, நிபந்தனைகளை நீங்களே ஒருமுறை படியுங்கள். கட்டணங்களும் நாள் கணக்கும் அடிக்கடி மாறுகின்றன. மேலே கொடுத்த எண்களையும் அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐநா தன்னார்வலர் திட்டத்தில் தேர்வானால் இந்த அலைச்சல் கொஞ்சம் குறையும். 1970-இல் ஐநா பொதுச் சபை உருவாக்கிய அந்தத் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. மாதாந்திர வாழ்க்கைப் படி உண்டு. போட்டி அதிகம், ஆனால் பணி அனுபவம் உள்ளவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதே திட்டத்தில் ஆன்லைன் பிரிவும் இருக்கிறது: மொழிபெயர்ப்பு, டேட்டா பகுப்பாய்வு, வடிவமைப்பு. அம்பத்தூரில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தே செய்யலாம். அதற்கு பாஸ்போர்ட்கூட வேண்டாம்.